பாயசப் பாத்திரம்

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் 34 வருடம் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் பக்கத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் நாலு மாதம் இருக்க வேண்டும். காலையில் மகனும் மருமகளும் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை நானும் நாலு சுவரும்தான். எதிர்வீட்டு அம்மாள் தினமும் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கிறாள். ஒருநாள் என் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே சிரித்துவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். மகன் பிறந்த நாளுக்குப் பாயசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, மணிகூட அடிக்காமல் பாத்திரத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே நாலைந்து பிஸ்கட், ஒரு அட்டை. பூங்காவில் ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன், அதன் அம்மா சட்டென்று இழுத்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் ‘அம்மா, இங்கே அப்படியெல்லாம் செய்யாதே’ என்கிறான் மகன். இந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு உதட்டோடு சரிதானா?

ச.

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நேற்று இரவு படித்தேன், காலையில் எழுந்து மறுபடியும் படித்தேன். உங்கள் வயதில் இருக்கும் நிறையப் பேர் இதே வலியோடு அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

‘எப்படி இருக்கிறீர்கள்’ என்பது அங்கே ஒரு வணக்கம், அவ்வளவுதான். நம் தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்து ‘என்ன, சாப்பிட்டாச்சா?’ என்கிறோம். அவர் நின்று காலையில் தின்ற இட்லியின் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தால் நாமும் திகைத்துத்தான் போவோம். அதற்காக, கேட்டவருக்கு அன்பில்லை என்று யாரும் சொல்வதில்லை. ‘நல்லா இருக்கேன், நீங்க?’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். ஆனால் முழங்கால் வலியைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அதுதான் உங்கள் உண்மையான குறை என்று எனக்குப் படுகிறது. அந்தக் குறைக்கு எதிர்வீட்டு அம்மாளின் குணத்தைவிட அந்த ஊர் கட்டப்பட்டிருக்கும் விதமே பெரிய காரணம்.

திருச்சியில் வீட்டை விட்டு இறங்கினால் பூக்காரம்மா, அயர்ன் வண்டிக்காரர், காபித்தூள் கடை. நூறு அடி நடப்பதற்குள் ஐந்து பேரிடம் பேசியிருப்பீர்கள். உங்கள் மகன் இருப்பது போன்ற புறநகர்களில் அந்தத் தெரு கிடையாது. வீடு இருக்கும் இடத்தில் கடை இருக்கக் கூடாது என்று நகராட்சி பிரித்துவைக்கலாம், அது செல்லும் என்று 1926-ல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் தேவைப்பட்டன. 1947-ல் நியூயார்க் பக்கத்தில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பை, அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி வீடுகளாகக் கட்டத் தொடங்கினார்கள். 1956-ல் அதிபர் ஐசனோவர் காலத்துச் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழி செய்தது. அப்புறம் கார் இல்லாமல் எங்கேயும் போக முடியாது என்ற நிலை நாடு முழுக்கப் பரவிவிட்டது. டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே ஆர்லிங்டன் என்ற ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அங்கே நம் ஊர் டவுன் பஸ் மாதிரி ஒரு வழித்தடத்தில் நேரத்துக்கு ஓடும் பேருந்து கிடையாது. கார் ஓட்டத் தெரியாதவர், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அப்படிப்பட்ட ஊரில் தனியாகத்தான் கிடக்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த கிழவர்களுக்கும் இதே கதிதான்.

நியூஜெர்சியில் தம்பி வீட்டில் இருந்தபோது ஒருநாள் பால் வாங்க நடந்தே போனேன். பாதி வழிக்குமேல் நடைபாதை இல்லை, புல் விளிம்பில் நடந்தேன். ஒரு பெரியவர் காரை நிறுத்தி, வண்டி ரிப்பேரா, எங்கே இறக்கிவிடட்டும் என்று கேட்டார். பால் வாங்க ஒருவன் நடந்து போவான் என்பது அவர் நினைப்பிலேயே வரவில்லை. ஆனால் முன்பின் தெரியாத என்னை ஏற்றிக்கொண்டு கடையில் விட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த மண்ணின் அன்பு இப்படி முன்பின் தெரியாதவரிடம்தான் சட்டென்று வெளிப்படுகிறது. விவேகானந்தர் 1893 ஜூலையில் வான்கூவரில் இறங்கி ரயிலில் சிகாகோ போனார். போன பிறகுதான் சர்வமத மகாசபை செப்டம்பரில்தான் கூடும், அறிமுகச் சான்று இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தது. கையில் பணம் கரைந்துகொண்டிருந்தது. ரயிலில் அறிமுகமான கேட் சான்பார்ன் என்ற பெண்மணி, பாஸ்டன் பக்கத்தில் இருந்த தன் பண்ணை வீட்டில் அவரைத் தங்கவைத்தார். அங்கிருந்துதான் ஆகஸ்ட் 20-ஆம் தேதி சென்னைக்கு, அவரை அனுப்பக் காசு திரட்டிய அளசிங்கப் பெருமாளுக்கு, குளிரையும் செலவையும், தன் உடையைப் பார்க்கத் தெருவில் கூட்டம் கூடுவதையும் எழுதினார். அளசிங்கரும் உங்களைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்தான். பிறகு ஹார்வர்டு பேராசிரியர் ரைட் அறிமுகக் கடிதம் கொடுத்தார். சிகாகோவுக்குத் திரும்பினால், போக வேண்டிய இடத்தின் முகவரி தொலைந்துபோயிருந்தது. பல வீடுகளில் கதவை முகத்துக்கு நேரே சாத்தினார்கள். ஓய்ந்துபோய்த் தெருவோரம் உட்கார்ந்திருந்தவரை எதிர்வீட்டுக் கதவைத் திறந்து வந்து விசாரித்து உள்ளே அழைத்துப் போனவர் ஹேல் அம்மையார். கதவை அடைத்தவர்களும் திறந்தவரும் ஒரே ஊர்க்காரர்கள்.

குழந்தை விஷயத்தில் அந்தத் தாயின் பக்கம்தான் நான். குழந்தையின் உடம்பு குழந்தைக்குச் சொந்தம், தெரியாதவர் கேட்காமல் தொடக் கூடாது என்று அங்கே சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நல்ல பாடம், நம் ஊருக்கும் வேண்டிய பாடம். தள்ளி நின்று சிரியுங்கள், அழகான குழந்தை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நாயோடு நடக்கிறவர்களைப் பார்த்தால் நாயின் பெயரைக் கேளுங்கள். அங்கே அதைவிட எளிதாகப் பேச்சைத் தொடங்க வழியில்லை.

மகனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ‘இங்கே அப்படிச் செய்யாதே’ என்று அவர் சொல்லும்போது, உங்களை நினைத்து வெட்கப்படுகிறார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அதில் பயம்தான் தெரிகிறது. அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எச்-1பி என்ற வேலை விசா என்றால், வேலை போனால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை பல வருடங்களுக்கு நீளுகிறது. வீடு வாங்கி, பிள்ளை பெற்று, இன்னும் விருந்தாளியாகவே இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அதோடு உங்கள் உடம்பைப் பற்றிய கவலை. அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-லிருந்து சட்டம் இருக்கிறது, ஆனால் பில் பின்னால் வந்துசேரும். வந்துபோகும் பெற்றோருக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் பழைய நோய்களுக்குப் பெரும்பாலும் உதவாது. நீங்கள் தனியாக நடந்து எங்காவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் ஆபீஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பார். அந்த ஊர்ப் பழக்கங்களை அவருக்கும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். முதல் வருடம் எப்படி இருந்தது, யார் கூட இருந்தார்கள் என்று ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள். நீங்கள் கேட்டால் சொல்வார்.

அப்புறம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, உங்களைப் பொது நூலகத்தில் இறக்கிவிட்டுப் போகட்டும். அமெரிக்காவில் எனக்குப் பொறாமை வந்த ஒரே இடம் அதுதான். உள்ளே போக உறுப்பினர் அட்டை வேண்டாம், எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை, நாள் முழுக்க உட்காரலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு. பல நூலகங்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கூடி உட்கார்ந்து ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டம் நடக்கிறது. மெக்சிகோ பாட்டி, சீனத் தாத்தா, வியட்நாம் அம்மா எல்லோரும் உங்களைப் போலவே மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்தவர்கள். 34 வருடம் வகுப்பறையில் நின்ற உங்களுக்கு அங்கே நாற்காலி தேட வேண்டியிருக்காது.

கடைசியாக அந்தப் பாத்திரம். முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகாத ஊர் அது. அந்த அம்மாள் வீடு அன்று என்ன நிலையில் கிடந்ததோ, நமக்குத் தெரியாது. மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போனது உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும். ஆனால் அம்மா, அவள் அதை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரவில்லையே. கொடுத்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்று உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் சொல்லி வளர்த்த அதே வழக்கத்தை, நம்மைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருத்தி டெக்சாஸில் செய்திருக்கிறாள்.

அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. எடுத்துப் படித்துப் பாருங்கள். அப்புறம் நீங்களும் ஒரு சின்னத் தாளில், சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வர முடியுமா என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதி அவள் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். ஃபில்டரும் காபித்தூளும் திருச்சியிலிருந்து கொண்டுபோயிருப்பீர்கள். அவள் வந்து உட்கார்ந்து ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால், அன்றைக்கு முழங்கால் வலியைச் சொல்லலாம்.