சூரியப் பலகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நானும் மனைவியும் வருடத்துக்கு ஒரு நாடு என்று சுற்றிக்கொண்டிருக்கிறோம். கம்போடியா, பெரு, கிரீஸ், பிறகு லண்டன், பினாங்கு. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தினன் கோயில் சிற்பங்களைப் பார்த்தபோது, ஏதென்ஸில் இருக்க வேண்டியவை இங்கே நிற்கின்றனவே என்று கோபமே வந்துவிட்டது. வரும் ஜனவரியில் செட்டிநாட்டுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம். எந்தெந்த வீடுகளை எந்த வரிசையில் பார்க்கலாம்? பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, திறந்திருந்தாலும் உள்ளே விடுவதில்லை என்கிறார்கள். அரசே எடுத்து டிக்கெட் போட்டு நடத்தினால் என்ன? இன்னொன்று, டொராண்டோவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய வாசல் நிலை ஒன்றை, அதன் மேலே இருக்கும் செதுக்கு வேலைப்பாடான சூரியப் பலகையோடு வாங்கி வந்து வரவேற்பறையில் பதிக்க ஆசை. நியாயமான விலைக்கு எங்கே கிடைக்கும்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து கடப்பாரைச் சத்தம். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் லேசில் விழாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்தேன்.

வரிசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கடியாபட்டி என்று காரைக்குடியில் எந்த வாடகை வண்டிக்காரரும் அழைத்துப் போவார். பினாங்கு போனவர் வாட்டர்ஃபால் ரோட்டில் உள்ள தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனீர்களா என்று எழுதவில்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கட்டியது. அதுவும் செட்டிநாடுதான்.

டிக்கெட் விஷயம். அங்கோர் வாட்டில் யாரும் பிள்ளைக்குக் கல்யாணம் பேசுவதில்லை. இங்கே பேசுகிறார்கள். வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றியிருக்கிற அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாக விட்டவை. நாலு மகன்களுக்குக் கட்டிய வீட்டுக்கு இன்று நாற்பது பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் கோவையில், ஒருவர் சிகாகோவில். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்து கூடுகிறார்கள், சாமி கும்பிட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். பூட்டியிருப்பதால் அது அனாதை வீடு ஆகிவிடாது. உங்களை உள்ளே விடவில்லையென்றால் அது அவர்கள் உரிமை. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் ஏறின. பட்டியலில் ஏறியதால் ஒரு வீட்டிலும் ஓடு மாற்றப்படவில்லை. நாற்பது பேரும் சேர்ந்து பணம் போட்டால்தான் ஓடு மாற்ற முடியும். போடாமல் விட்டால் ஒரு மழையில் ஒழுகும், அடுத்ததில் கூரையின் கைமரம் இற்றுப்போகும்.

இனி நிலை.

தம்பி, உங்களிடம் கோபமாகத்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் கோபப்பட்ட அதே மனிதர் எப்படி இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? அந்தச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போன எல்ஜின் பிரபுவும் ஆட்சியாளர்களிடம் அனுமதி வாங்கியதாகத்தான் சொன்னார். 1816-இல் பிரிட்டிஷ் அரசு அந்தச் சிற்பங்களை அவரிடம் காசு கொடுத்துத்தான் வாங்கியது. நீங்கள் ஏதென்ஸிலும் பார்த்திருப்பீர்கள். 2009-இல் திறந்த அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில், தேன் நிறம் ஏறிய அசல் கற்களுக்கு நடுவே, லண்டனில் இருப்பவற்றுக்குப் பதிலாக வெள்ளைச் சாந்து நகல்களை வைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளைத் திட்டுகள்தானே உங்களை உறுத்தின? கானாடுகாத்தான் தெருவில் நிலை பெயர்த்த வீட்டின் முகப்பில் அப்படி ஒரு நகல்கூட இருக்காது, ஓட்டைதான் இருக்கும்.

கம்போடியாவில் பன்தே ஸ்ரே கோயிலும் பார்த்திருப்பீர்கள். 1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற இளைஞர் அங்கே தேவதைச் சிற்பங்களை அறுத்து வண்டியில் ஏற்றினார். புனோம் பென்னில் பிடிபட்டார். காட்டில் கேட்பாரற்றுக் கிடந்த கோயில்தானே என்பது அவர் தரப்பு வாதம். பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சராகவே ஆனார். சிற்பங்கள் கோயிலுக்கே திரும்பின, அதனால்தான் நீங்கள் பார்க்க முடிந்தது. படித்தவர்கள், ரசனை உள்ளவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். ரசனை இல்லாதவனுக்குச் சூரியப் பலகை எதற்கு?

‘எப்படியும் இடிக்கிற வீட்டில்தானே வாங்குகிறேன், நான் வாங்காவிட்டால் விறகாகப் போகும்’ என்று நினைப்பீர்கள். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நடப்பது வேறு. வீட்டைப் பிரிக்க எடுப்பவர் முதலில் முகப்பில் நின்று கணக்குப் போடுகிறார். தேக்குத் தூண் இத்தனை, கல் தூண் இத்தனை, உத்தரம் இத்தனை கன அடி, நிலைக்கு இவ்வளவு. அந்தத் தொகையைப் பங்காளிகளிடம் சொல்கிறார். அதுவரை ஒத்துக்கொள்ளாத பங்காளிகூட அப்போது யோசிக்கிறார். உங்கள் வரவேற்பறை ஆசைதான் அங்கே ரூபாயாக நிற்கிறது. கேட்பவர் இருப்பதால்தான் பிரிக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கிற கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. மங்குச் சாமானும் முறுக்கு உரலும் கொண்டுவந்து கொடுப்பது அந்தந்த வீட்டுக்காரர்கள்தான், சிலர் மகள் கல்யாணச் செலவுக்காக. அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

நிலையை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? சுவர் கட்டிவிட்டு அதில் செருகுவதல்ல நிலை. நல்ல நேரம் பார்த்து, நவதானியமும் காசும் இட்டு, முதலில் நிலையை நிறுத்துவார்கள். அதைச் சுற்றித்தான் சுவர் எழும். அதனால் எடுக்கும்போது சுவரை உடைக்காமல் எடுக்க முடியாது.

என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு நேரே அந்தத் திண்ணைக்கு வந்து, அவர் வேலை முடியும்வரை வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த வீட்டு நிலையில் மேலே கஜலட்சுமி, பக்கத்துக்கு ஒரு யாளி, கீழே எங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளி. வருகிற பிள்ளைகள் எல்லாம் தடவித் தடவி அதன் மூக்கு மழுங்கி, மற்ற இடங்களைவிடக் கறுத்து மினுமினுவென்று இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஆச்சி நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். “படியில நிக்காத, உள்ள வா, இல்ல வெளிய போ” என்று என்னை எத்தனையோ முறை அதட்டியிருக்கிறார்கள். அதட்டிய கையோடு சீப்புச்சீடையும் தருவார்கள்.

ஆச்சி காலமான பிறகு நிலையை மட்டும் விற்பது என்று முடிவானது. வீட்டை அப்படியே வைத்துக்கொள்வார்களாம். துண்டு துண்டாகக் கழற்றி, சாக்பீஸால் எண் போட்டு, கோணியில் சுற்றினார்கள். மேல்சுவர் சரிந்தது. அந்த இடத்தைத் தகரத்தால் அடைத்தார்கள். ஐப்பசி அடைமழையில் தகரத்துக்குப் பின்னால் பட்டாலைக் கூடம் முழுக்க நனைந்தது. பிறகு தூண்களை விற்றார்கள், பிறகு வீட்டையே. அந்த மனையில் இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கிளி எந்த ஊர் வரவேற்பறையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறதோ, அதன் மூக்கு ஏன் மழுங்கியிருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

சட்டமும் சொல்லிவிடுகிறேன். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி கிடையாது. ரசீதில் என்ன எழுதியிருந்தாலும் அதுதான் சட்டம்.

செலவழிக்க ஆசையிருந்தால் செலவழியுங்கள். விடுதியாக மாற்றிய பழைய வீட்டில் தங்குங்கள், அந்த வாடகையில் ஓடு மாற்றுவார்கள். கண்டாங்கிச் சேலை எடுங்கள், பனையோலைக் கொட்டான் வாங்குங்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற இடத்தில் அரைநாள் உட்காருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் பித்தளை அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயச் சிமென்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை ஆடாமல் தூக்குவார்கள். தூக்கும்போது மூச்சுக்கூட விடமாட்டார்கள். பின்னால் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, உலர்த்தி, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கண்ணாடியிலிருந்து பிரித்தால் பளபளப்பு தானே வந்திருக்கும். டொராண்டோ வரவேற்பறையில் அதைப் பதியுங்கள். நடக்க நடக்க இன்னும் மெருகேறும். கொண்டுபோவது பாரம்தான், கப்பலில் அனுப்புங்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். தைப்பூசத்தை ஒட்டி வருவதானால் நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிற நாட்களாக இருக்கும், நம் வண்டி அவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகத்தான் போக முடியும். பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார்கள், கேட்டு வைக்கிறேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அலமாரியைப் பார்த்து “இது என்ன விலைக்குப் போகும்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதலில் “எந்த ஊரு?” என்பார்கள். டொராண்டோ என்று சொன்னால் விடமாட்டார்கள், உங்கள் அப்பா ஊரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா