தினமும் தண்ணி ஊத்தியும் இலை மஞ்சளாகுதா?

கேள்வி: தினமும் தவறாம தண்ணி ஊத்துறேன், ஆனாலும் தொட்டில இருக்குற தக்காளிச் செடி மஞ்சளாகிட்டே போகுது, என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த தினசரி தண்ணிய நிறுத்துங்க. விரலை மண்ணுக்குள்ள 2 இன்ச் விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா அன்னிக்கு தண்ணியே வேணாம், ஏன்னா வேருக்கும் காத்து வேணும், மண்ணு எப்பவும் சொதசொதன்னு கிடந்தா வேர் அழுகிடும், அப்புறம் காப்பாத்துறது ரொம்ப கஷ்டங்க. தொட்டி அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னும் பாத்துடுங்க. அடியில கூழாங்கல் போட்டா வடியும்னு சொல்வாங்க, அது உதவாது, மண்கலவை பொலபொலன்னு இருக்குறதுதான் முக்கியம். ஈரம் சரியா இருந்தும் அடி இலை மட்டும் வெளிறினா தழைச்சத்து பத்தலையா இருக்கும், மண்புழு உரம் ரெண்டு கைப்பிடி போடுங்க. வெயில் காலத்துல காஞ்ச சருகை மண்ணு மேல மூடாக்கா பரப்புங்க, விடாம மழை பெய்யறப்ப விலக்கிடுங்க.