பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பெரிதாகக் காட்டுவதே நல்லது என்று கடையில் சொன்னதால் 10×50 பைனாகுலர் வாங்கினேன். படம் ஆடுகிறது, ஓரமெல்லாம் கறுப்பாக மறைக்கிறது, வலது கண்ணுக்கு மட்டும் மங்கல். கண்ணாடி அணிபவன் நான். கருவியில் கோளாறா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: பெரும்பாலும் கோளாறு இருக்காது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு பெரிதாக்கும்போது கை நடுக்கமும் பத்து மடங்காகிறது. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைக்கும்: 10×50-க்கு 5 மி.மீ., 8×42-க்கு 5.25 மி.மீ. வெளிச்சத்தில் இலாபம் எதுவும் இல்லை, எடைதான் கூடுதல். புதிதாக வாங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை எப்போதும் 8×42.

வாங்கிவிட்டதைச் சரியாக அமைத்துப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையங்களை முழுக்க உள்ளே திருகியோ மடித்தோ விட வேண்டும். அணியாதவர் வெளியே இழுத்து வைக்க வேண்டும். ஓரம் கறுப்பாக மறைப்பதற்கு முதல் காரணம் இதுதான். அடுத்து, இரு குழாய்களையும் நடுக் கீலில் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

வலது கண் மங்கலுக்கு மருந்து டயாப்டர் வளையம், அதாவது ஒரு கண்ணுக்கு மட்டும் தெளிவைச் சரிசெய்யும் வளையம். பல கருவிகளில் அது வலது கண் பக்கத்தில் இருக்கும். முப்பது அடி தள்ளி ஒரு பெயர்ப்பலகையைக் குறி வையுங்கள். வலது முன் லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், டயாப்டர் வளையத்தை மட்டும் திருகி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். பைக்குள் உரசித் தானாக நகர்ந்துவிடும். இத்தனையும் செய்த பிறகும் ஒரு பறவை இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி (ப்ரிஸம்) விலகியிருக்கிறது. அதைப் பழுதுபார்ப்பவரிடம்தான் தர வேண்டும்.

நடுக்கத்துக்கு: முழங்கைகளை விலாவில் ஒட்டுங்கள், அல்லது மரத்தில் சாயுங்கள். பறவையைக் கண்ணால் பிடித்த பிறகு பார்வையை எடுக்காமல் பைனாகுலரை மேலே கொண்டுவாருங்கள். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் அகப்படாது. நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள்.

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குழந்தைகளோடு சென்னையிலிருந்து வேடந்தாங்கல் போகிறோம். எப்போது போவது? எதைக் காட்டுவது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் பறவைகள் கூடு கட்டாது. மழை பெய்திருந்தால் ஜனவரி நல்ல மாதம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். காலை ஒன்பதுக்குள்ளோ, மாலை நான்குக்கு மேலோ போங்கள். மாலையில் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். நண்பகலில் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஐம்பது வகைப் பெயர் சொல்லித் தராதீர்கள். நான்கு அலகுகள் போதும். நத்தைகுத்தி நாரையின் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். கரண்டிவாயன் தட்டையான அலகைத் தண்ணீரில் இடமும் வலமுமாக அரித்துக்கொண்டே நடக்கும். நீர்க்காகத்தின் அலகு நுனி கொக்கி. பாம்புத்தாராவின் அலகு ஈட்டி. அது மீனைக் குத்தி, மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். பிறகு சிறகை விரித்துக் காயவைக்கும், ஏனென்றால் அதன் இறகு வாத்தின் இறகைப்போலத் தண்ணீரை உதறாது; நனைவதால்தான் எளிதில் முங்கவும் முடிகிறது.

எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். இந்தப் பறவைகளை முதலில் காத்தது அவர்கள்தான். குழந்தைகளிடம் இதையும் சொல்லுங்கள். நேரமிருந்தால் பக்கத்துக் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயத்துக்கும் போய் வாருங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் காக்கை, மைனா, புறா மட்டுமே வருகின்றன. இதை 'ஈபேர்ட்' என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவதால் என்ன பயன்?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மிகுந்த பயன். சாதாரணப் பறவை குறைவதைக் காட்டுவது இத்தகைய பட்டியல்களின் தொடர்ச்சிதான். அரிய பறவையைப் பதிய ஆளுக்குப் பஞ்சமில்லை. மைனாவைப் பதியத்தான் ஆள் வேண்டும்.

ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நில்லுங்கள். தொடங்கிய நேரம், ஆன நேரம், அடையாளம் தெரிந்த எல்லா இனங்கள், ஒவ்வொன்றின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். எல்லாவற்றையும் பதிந்திருந்தால் 'முழுமையான பட்டியல்' என்று சொல்லுங்கள். பெயர் தெரியாத ஒன்று பறந்துபோனதால் பட்டியலின் முழுமை கெடாது. பிடித்ததை மட்டும் பதிந்தால் 'முழுமை' என்று சொல்லக் கூடாது. கூட்டமாக வந்தால் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று எண்ணுங்கள்.

அடிக்கடி நேரும் தவறு, நாள் முழுக்கச் சுற்றிய நான்கைந்து இடங்களை ஒரே பட்டியலில் போடுவது. இடத்துக்கு ஒரு பட்டியல் வேண்டும். இன்னொன்று, மெர்லின் செயலி குரல் கேட்டுச் சொன்ன பெயரை அப்படியே ஏற்பது. துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கத்தும், செயலி ஏமாறலாம். கண்ணால் பார்த்தோ, உங்கள் காதால் உறுதிசெய்தோதான் பதிய வேண்டும். பொங்கலை ஒட்டித் தமிழகத்தில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் மாடியையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: மலைக்காட்டில் வழிகாட்டி செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்தார். இது சரியா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தவறு. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பித்தான் பறவை வருகிறது. இரை தேடுவதையும் அடைகாப்பதையும் விட்டுவிட்டு வருகிறது. அந்த நேரத்தில் முட்டை சூடிழக்கும், குஞ்சு பாம்புக்கும் காக்கைக்கும் இரையாகும். கூட்டைப் படமெடுத்து இடத்தோடு வாட்ஸ்அப்பில் பகிர்வதும் இதே கேட்டைச் செய்யும். அடுத்த முறை, பயணத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே "குரல் ஒலிக்க வேண்டாம், கூட்டருகே போக வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் வழிகாட்டிகளும் மாறுவார்கள்.