எச்டிஎம்எல்லில் இணையப் பக்க வடிவமைப்புக்கு எல்லா இடத்திலும் டிவ் (div, தனக்கென்று அர்த்தம் இல்லாத வெறும் பெட்டி) போட்டால் போதாதா? செக்‌ஷன், ஆர்ட்டிகிள், நேவ் என்று பெயரிலேயே அர்த்தம் உள்ள டேக்குகள் எல்லாம் எதற்கு?

நீங்கள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் கணக்கு என்றால் டிவ் போதும். 2017இல் முக்கிய பிரவுசர்களில் கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் வசதி) வந்த பிறகு, கட்டம் பிரிக்க டேபிளை அடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் பக்கத்தைக் காதால் படிப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் பார்வையற்ற டெஸ்டர் ஒருவர் உண்டு. வெளியே ஒரு நிறுவனம் செய்து கொடுத்த விண்ணப்பப் பக்கம் அவரிடம் போனது. பார்க்க அம்சமான பக்கம். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரைப் போட்டு ‘டி’ (D) விசையைத் தட்டினார். மெயின், நேவ் போன்ற பகுதிகளுக்குத் தாவும் விசை அது. தாவ ஒன்றுமே இல்லை. சரி, தலைப்புக்காவது போகலாம் என்று ‘ஹெச்’ தட்டினார். தலைப்பெல்லாம் எழுத்தைப் பெரிதாக்கிய டிவ்கள், அதுவும் சிக்கவில்லை. மெனு முழுவதையும் வரிவரியாகக் கேட்டுக் கடந்துபோய்ப் படிவத்தை நிரப்பினார். கடைசியில் பட்டனுக்குத் தாவும் ‘பி’ (B) விசையைத் தட்டிவிட்டு, “சார், இதுல பட்டனே இல்லையே” என்றார். என் எதிரே திரையில் பச்சை நிறத்தில் பெரிதாக ‘சமர்ப்பி’ என்று இருக்கிறது! அதுவும் டிவ். டேப் அடித்தாலும் அதில் போய் நிற்காது.

அதை பட்டன் எலிமென்டாக மாற்றினோம். டேப், என்டர், ஸ்பேஸ் மூன்றும் தானாக வேலை செய்தன. ‘டிவ்வுக்கே பட்டன் என்று ரோல் (role, இது என்ன என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் குறிப்பு) கொடுத்தால் போதுமே’ என்று கமென்டில் யாராவது வருவார்கள். ரோல் கொடுத்தால் பட்டன் என்று வாசிக்கும், அவ்வளவுதான். டேபில் நிற்பதற்கும் என்டருக்கும் ஸ்பேஸுக்கும் நீங்கள்தான் தனியாக எழுத வேண்டும்.

டிவ்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டைலுக்காக நாலைந்தைச் சேர்த்துக் கட்ட டிவ்தான் சரி. மெனுவுக்கு நேவ், பக்கத்தின் முக்கிய உள்ளடக்கத்துக்கு ஒரே ஒரு மெயின். தனியே எடுத்து வேறிடத்தில் போட்டாலும் முழுசாகப் புரிகிற துண்டு என்றால் ஆர்ட்டிகிள். தலைப்போடு வரும் பகுதிக்கு செக்‌ஷன். ஆனால் ஏரியா லேபிள் (aria-label, ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் பெயர்) மாதிரி ஒரு பெயர் கொடுக்காவிட்டால் ‘டி’ விசைக்கு அது சிக்காது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நான் போன நேர்காணல்களில் எல்லாம் ஃபிரேம்வொர்க்கைத் துருவித் துருவிக் கேட்டார்கள். படிவத்தில் ஒரு இன்புட்டோடு (நிரப்பும் கட்டத்தோடு) அதன் லேபிளை எப்படி இணைப்பாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆள் எடுக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. என் முதல் கேள்வி அதுதான்.