ப்ளூ கார்டு இருந்தால் ஐரோப்பா முழுக்க வேலை பார்க்கலாமா?

தம்பி, ஜெர்மனி ப்ளூ கார்டு (திறன்மிகு வெளிநாட்டவருக்கு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி தரும் வேலை, வதிவிட அனுமதி) வாங்கி எட்டு மாதம் ஆகிறது, ஆம்ஸ்டர்டாமில் ஆஃபர் வந்திருக்கிறது, இதே கார்டை வைத்துப் போகலாமா, வாடகையும் குளிரும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை அதிகம், குளிர் பழகிவிடும். கார்டு விஷயத்துக்கு வருவோம்.

எட்டு மாதத்தில் இந்தக் கார்டை வைத்து இப்போதைக்குப் போக முடியாது. 2009 விதிப்படி முதல் நாட்டில் 18 மாதம் இருந்தாக வேண்டியிருந்தது. வேலை ஒப்பந்தமும் ஒரு வருடத்துக்காவது வேண்டியிருந்தது. 2021-இல் திருத்தியபோது இவை 12 மாதம், 6 மாதம் என்று குறைந்தன. இன்றைக்கு வருகிறவர்களுக்கு இதன் அருமை தெரியாது. குரூப்பில் இன்னும் 18 என்று சத்தியம் செய்பவர்களையும் நம்பாதீர்கள், "ஐரோப்பா எல்லாம் ஒண்ணுதான், கிளம்பு" என்பவர்களையும் நம்பாதீர்கள். 180 நாளில் 90 நாள் வேறு நாட்டில் இருக்கலாம் என்பது மீட்டிங் போன்ற அலுவல் பயணத்துக்கு. வேலையில் சேர அல்ல. டென்மார்க், அயர்லாந்து இந்த ஏற்பாட்டிலேயே இல்லை. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் (எல்லைச் சோதனையின்றிப் போய்வரும் நாடுகளின் ஏற்பாடு) உண்டு, ப்ளூ கார்டில் கிடையாது.

12 மாதம் முடிந்தால், அங்கே நுழைந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் கொடுத்து 30 நாள் ஆனால் வேலை தொடங்க விட்டாக வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் அந்த 30 நாள் ஓடாது. பலர் மாட்டுவது சம்பளத்தில். பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியம், வகுப்பது சட்டகம் மட்டும்; குறைந்தபட்சச் சம்பளத்தை நாட்டின் சராசரிச் சம்பளத்தின் 1 முதல் 1.6 மடங்குக்குள் அந்தந்த நாடே வைத்துக்கொள்ளும். நெதர்லாந்தில் 8 சதவீத விடுமுறைப் படியைக் கழித்துவிட்டு மாதச் சம்பளத்தைப் பார்ப்பார்கள். ஆஃபர் லெட்டரில் வருட மொத்தம் மட்டும் இருந்தால், எச்.ஆரிடம் பிரித்து எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. பி1 நிலை ஜெர்மன் மொழியறிவோடு 21 மாதத்தில் கிடைக்கும் நிரந்தர வதிவிடத்தை வாங்கிவிட்டு, "பி.ஆர் வந்தாச்சு, இனி எங்கே வேண்டுமானாலும்" என்று கேக் வெட்டுகிறார்கள். அது ஜெர்மனிக்குள் மட்டும் செல்லும். வெளியே நகரும் எண்ணம் இருந்தால், ஐந்து வருடத்தில் வரும் ஐரோப்பிய ஒன்றிய நீண்டகால வதிவிடத்தைக் கேளுங்கள். அதற்கு வெவ்வேறு நாடுகளில் ப்ளூ கார்டில் இருந்த காலத்தையும் கூட்டிக்கொள்ளலாம். கடைசி இரண்டு வருடம் மட்டும் விண்ணப்பிக்கிற நாட்டிலேயே இருந்திருக்க வேண்டும். அதனால் பழைய கார்டுகளின் நகலையும் வீட்டுமுகவரிப் பதிவுச் சான்றுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.