பிரேக் ஆறட்டும் என்று விமானத்தை நிறுத்தி வைத்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: போன வாரம் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, "பிரேக் சூடாக இருக்கிறது, 25 நிமிடம் காத்திருக்க வேண்டும்" என்று பைலட் அறிவித்தார். பிரேக்கில் ஏதாவது கோளாறா? அப்படிப்பட்ட விமானத்தில் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். கோளாறாக இருந்தால் அவர் 25 நிமிடம் என்று கணக்காகச் சொல்லியிருக்க மாட்டார். ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் சொன்னார்.

200 டன் விமானம் ஒன்று மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் 1,400 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்றும் என்ஜினின் எதிர்விசையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும். இறங்கியதும் காதைப் பிளக்கும் இரைச்சல் கேட்பதால் என்ஜின்தான் விமானத்தை நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாடு படுவது சக்கரங்கள்.

சக்கரத்தின் குடத்துக்குள் கார்பன் தட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தட்டு சக்கரத்தோடு சுற்றும், அடுத்தது அசையாமல் நிற்கும், அதற்கடுத்தது சுற்றும். பைலட் பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிஸ்டன்கள் இந்த அடுக்கை ஒன்றாக நெருக்கும். ஏர்பஸ் ஏ380க்கு 22 சக்கரங்கள். அவற்றில் பிரேக் உள்ளவை 16தான். மூக்குச் சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. டயர் வழுக்கினால் ஆன்டி-ஸ்கிட் என்ற தானியங்கி அமைப்பு அந்தச் சக்கரத்தின் பிரேக்கைக் கண நேரம் தளர்த்தி மறுபடி பிடிக்கும். இறங்கியதும் இறக்கையின் மேல் பலகைகள் எழுந்து நிற்பதும் பிரேக்குக்காகத்தான். இறக்கை இன்னும் தூக்கிக்கொண்டிருந்தால் டயரில் எடை இறங்காது. எடை இல்லாமல் பிடிப்பு ஏது?

சரி, நின்ற பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்? தட்டுகளின் நடுவில் இருக்கும் சூடு மெதுவாகத்தான் வெளியே பரவும். அதனால் விமானம் நின்று பத்துப் பதினைந்து நிமிடம் ஆன பிறகும் காக்பிட்டில் வெப்ப அளவு ஏறிக்கொண்டே போகலாம். ஏர்பஸ் விமானங்கள் பலவற்றில் பிரேக் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் மேலெழும்புவதற்காக ஓடக் கூடாது. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து சூடான பிரேக்கில் பட்டால் தீப்பிடிக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் முக்கியம்: முழு எரிபொருளோடு ஓடும் விமானத்தை, மேலெழும்புவதற்குச் சற்று முன் பைலட் நிறுத்த வேண்டி வந்தால், ஒரு சாதாரண தரையிறக்கத்தைவிடப் பல மடங்கு சூடு பிரேக்கில் ஏறும். ஏற்கெனவே சூடாக இருந்தால் அதைத் தாங்க இடம் இருக்காது.

அந்த நிலையைத் தயாரிப்பாளர்கள் சோதித்தே காட்ட வேண்டும், அதுவும் தேய்ந்துபோன பிரேக்கை வைத்து. தட்டுகள் செக்கச்செவேல் என்று தகிக்கும். ஆனாலும் 5 நிமிடத்துக்குத் தீயணைப்பு வண்டி கிட்டே வரக் கூடாது. சக்கரத்தில் இருக்கும் சிறு உலோக அடைப்பான்கள் சூட்டில் உருகி, டயர் வெடிப்பதற்கு முன்பே அதிலுள்ள வாயுவை வெளியேற்றிவிடும். அந்த வாயு நைட்ரஜன். 1986 மார்ச்சில் மெக்சிகோவில் பிரேக் அளவு மீறிச் சூடாகி, காற்று அடைத்த டயர் ஒன்று பறக்கும்போதே வெடித்து, போயிங் 727 விழுந்ததில் 167 பேர் இறந்தார்கள். காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. நைட்ரஜனில் அந்த வம்பு இல்லை.

அப்புறம் ஒன்று. அடுத்த முறை மேலெழும்பிய பிறகும் காலடியில் சக்கரம் மடங்கும் சத்தம் வராமல் காற்றின் இரைச்சலே கொஞ்ச நேரம் நீடித்தால் திடுக்கிட வேண்டாம். பிரேக்கில் சூடு மிச்சம் இருந்தால், குளிர்காற்று படட்டும் என்று பைலட் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் வெளியிலேயே விட்டு வைப்பதும் உண்டு.