மண்டையோட்டு அடியில குருத்தெலும்புக் கட்டி: இந்த முறை வந்த கேள்விகள்

கே: அம்மாவுக்கு எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது. ஸ்கேன் பாத்துட்டு காண்ட்ரோசார்கோமாவா இருக்கலாம்னு சொல்றாங்க. கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ப: காண்ட்ரோசார்கோமாங்கிறது குருத்தெலும்பு வகைப் புற்றுக்கட்டி. கண்ணை வெளிப்பக்கம் திருப்புற ஆறாவது நரம்பு மண்டையோட்டு அடியில அது வர்ற இடத்தை ஒட்டித்தான் போகுது, கட்டி அதை அழுத்தினா ரெண்டு ரெண்டா தெரியும். பல பேருக்கு முதல் அறிகுறியே இதுதான். எம்ஆர்ஐ மட்டும் பத்தாது, சிடியும் எடுங்க, சுண்ணாம்பு படிஞ்சது அதுலதான் தெரியும்.

கே: ஆபரேஷன் பயமா இருக்கு, கீமோ மட்டும் போதுமா?

ப: போதாது. சாதாரண வகை கீமோவுக்கு மசியாது. மெசன்கைமல்னு ஒரு அபூர்வ வகை இருக்கு, அதுன்னா வேற கதை.

கே: ரிப்போர்ட்ல "கார்டோமா அல்லது காண்ட்ரோசார்கோமா"ன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே, புரோட்டான் ரேடியேஷன் ஆரம்பிச்சிடலாமா? போட்டோ அனுப்பியிருக்கேன்.

ப: பாதி பக்கம் வெட்டுப்பட்ட போட்டோவை வச்சு நான் என்னங்க சொல்றது? ஒண்ணு இல்லவே இல்ல. கார்டோமா கருவுல இருந்த முதுகுநாணோட மிச்சத்துல வர்ற வேற கட்டி, பெரும்பாலும் கிளைவஸ் (மண்டையோட்டு அடியில இருக்கிற நடு எலும்பு) நடுவுல வரும், காண்ட்ரோசார்கோமா கொஞ்சம் பக்கவாட்டுல, ஆனா அதை வச்சு மட்டும் முடிவு கட்டக்கூடாது, எம்ஆர்ஐயோட டி2 படத்துல ரெண்டும் பளிச்சுன்னு வெள்ளையாத்தான் தெரியும். பயாப்ஸி திசுல பிரேக்கியூரிங்கிற புரதத்தைக் காட்டுற ஸ்டெயின் (சாயம்) போட்டாங்களா? கார்டோமான்னா பாசிட்டிவ், காண்ட்ரோசார்கோமான்னா நெகட்டிவ். எஸ்100ங்கிற இன்னொரு ஸ்டெயின் மட்டும் போட்டுட்டு பேர் வச்சு அனுப்புற ரிப்போர்ட்டைப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும், அது ரெண்டுலயும்தான் பாசிட்டிவ் வரும்! ஐடிஎச்ங்கிற ஜீன்ல மியூட்டேஷன் (மாற்றம்) இருந்தா காண்ட்ரோசார்கோமா பக்கம் சாயலாம், இல்லைன்னா அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. கிரேடு கம்மியான காண்ட்ரோசார்கோமா ஆபரேஷனும் புரோட்டானும் சேந்தா பத்துல ஒம்பது பேருக்கு வருஷக்கணக்கா அடங்கி இருக்கும், ரேடியேஷன் டோஸ் சுமார் 70 கிரே. கார்டோமா அவ்ளோ சுலபமா அடங்காது, டோஸும் கூடும். அதனால பயாப்ஸி பிளாக்கை (எடுத்த திசுவை மெழுகுல பதிச்சு வச்ச துண்டு) வாங்கி, எலும்புக் கட்டி பாக்குற பேத்தாலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க. அப்புறம் புரோட்டான்.

கே: கட்டியில கொஞ்சம் விட்டுட்டாங்களாம். கோட்டை விட்டுட்டாங்களா?

ப: மூளைக்குப் போற கரோட்டிட் ரத்தக்குழாய்லயும் மூளைத்தண்டுலயும் ஒட்டினதை விட்டுட்டு வர்றதுதான் விவரமான கை. மிச்சத்தை ரேடியேஷன் பாத்துக்கும்.

கே: மூக்கு வழியா ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். குனிஞ்சா மூக்குல தண்ணியா ஊத்துது, சளியா?

ப: இதையெல்லாம் எழுதிப்போட்டு பதிலுக்குக் காத்திருப்பீங்களா? மூளைநீர் கசிவா இருக்கலாம், விட்டா மூளைக்காய்ச்சல்ல கொண்டு விடும். மூக்கு சிந்தாம இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

கே: ரேடியேஷன் முடிஞ்சு 5 வருஷம். ஸ்கேனை நிறுத்தலாமா?

ப: கூடாது. மெதுவா வளர்ற கட்டி, 10 வருஷம் கழிச்சும் தலைகாட்டும். ரேடியேஷன் பாதிக்கலாம்ங்கிறதால பிட்யூட்டரி (மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி) ஹார்மோன், காது டெஸ்ட்டும் விடாதீங்க. பழைய ஸ்கேன், பயாப்ஸி பிளாக் ரெண்டையும் பத்திரமா வைங்க, மறுபடியும் சொல்றேன், பிளாக்!